வரைபடக் கம்பனியில் காசு போடுமுன் ஒரு நாள் நடந்து பாருங்கள்

எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் நடைப்பயணம் வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பீக்கோ ட்ரெயில் என்ற பெயரில் கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை பழைய தோட்டப் பாதைகளை 22 கட்டமாக இணைத்திருக்கிறார்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். அதைத் தேடி வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள், அவர்களுக்கு வழி காட்ட நம் பிள்ளைகள் செயலி செய்கிறார்கள். செய்யட்டும், எனக்கு அதில் நிரம்ப சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வந்து "அண்ணே, பத்து லட்சம் போடுங்க, அஞ்சு வீதப் பங்கு தர்றோம்" என்று கேட்டால் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது? தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஒரு முறை போட்டு இழந்திருக்கிறேன், இன்னொரு முறை போட்டு அந்தப் பங்கை இன்னும் வைத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் எந்தக் காசு என்று பாருங்கள். ஈ.பி.எப். எடுத்த காசு, சீட்டு எடுத்த காசு, பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கிய காசு, இது எதையும் போடக் கூடாது. இப்படியான கம்பனியில் போட்டது ஐந்தாறு வருடத்துக்குத் திரும்பாது, பல நேரம் திரும்பவே திரும்பாது.

அப்புறம், அவர்கள் லப்டொப்பில் காட்டும் அழகான படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், செயலியை உங்கள் போனில் இறக்கி, வீட்டில் இருக்கும்போதே வரைபடத்தைச் சேமித்துக்கொண்டு, டேட்டாவை நிறுத்திவிட்டு, நீங்கள் சின்ன வயதிலிருந்து நடந்த பாதை ஒன்றில் நடந்து பாருங்கள். தெரியாத பாதையில் போனால் பிழை எது என்றே உங்களுக்குத் தெரியாது. முடிந்தால் கம்பனிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் போனது ஹப்புத்தளையிலிருந்து கீழே ஒரு தோட்டத்துக்கு இறங்கும் பாதை. காலை ஏழு மணி, பனி மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. போனில் நீலப் புள்ளி பாதையின் மேலேயே நகர்ந்தது. டர்பன்டைன் மரங்களுக்குள் நுழைந்ததும் புள்ளி தள்ளிப்போய்ப் பக்கத்துத் தேயிலை மலைக்குத் தாவியது. அது பெரிய குறை இல்லை, மரமும் மலைச்சரிவும் வானத்தை மறைத்தால் எந்தப் போனும் அப்படித்தான். குறை அதற்குப் பிறகுதான் வந்தது. வரைபடத்தில் கோடு நேராக ஓடையைக் கடந்து போகிறது, நிலத்தில் ஓடை மட்டும்தான் இருக்கிறது, 2025 நவம்பர் டித்வா புயலில் சிறு பாலமும் அதற்கு அப்பாலிருந்த பாதையும் சேர்ந்தே இறங்கிவிட்டன. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா "அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, மேல் லயத்தைச் சுத்திப் போங்க" என்று கையைக் காட்டினார். மேல் லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையைச் சுற்றும் அந்தக் குறுக்குப் பாதை செயலியில் இல்லவே இல்லை.

என்னோடு வந்த தம்பி அந்த இடத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் நான் கவனித்தேன். சமாளிக்கவில்லை. நின்ற இடத்திலேயே பாலம் இல்லை என்று குறித்தார், மேல் லயம் வரை பதிவு செய்துகொண்டே நடந்தார், வாசலில் நின்றவர்களிடம் இந்த மலைக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று நாளில் செயலியில் அது மாறியிருந்தது. நான் காசு போட முடிவு எடுத்தது அதனால்தான்.

ஏனென்றால் கோடு போடுவது இன்று பெரிய வேலை இல்லை. 2004 இல் தொடங்கிய, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் நம் மலைப் பாதைகள் நிறையவே இருக்கின்றன, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உயரக் கோடுகளுக்கு நாசா 2000 பெப்ரவரியில் விண்கலத்திலிருந்து ராடாரில் எடுத்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் சில வாரத்தில் பார்க்க அழகான வரைபடம் செய்துவிடுவான். அந்த ராடார் தரவு கிட்டத்தட்ட 30 மீற்றருக்கு ஒரு புள்ளி, ஒரு லயம் உயரப் பாறைச் சரிவு இரண்டு புள்ளிக்கு நடுவே காணாமல் போய்விடும், அடர்ந்த காட்டில் நிலத்தின் உயரத்தோடு மரத்தின் உயரத்தையும் சேர்த்தே காட்டும். ஆகவே நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு இல்லை. மண் சரிந்த பிறகு யார் திரும்பப் போய்ப் பார்க்கிறார், யார் திருத்துகிறார், அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார், அதற்குத்தான்.

தரவு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு அடுக்காகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூகுள் படத்தின் மேல் வைத்துக் கோடு இழுத்திருந்தால் அது அவர்களின் நிபந்தனைக்கு எதிரானது. 1800 இல் தொடங்கிய நம் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்திலிருந்து எடுத்திருந்தால் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்றால் பெயர் குறிப்பிட வேண்டும், அதோடு அந்தத் தரவைத் திருத்தி, கூட்டி உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியே பயன்படுத்தினால் அதையும் அதே உரிமத்தில் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். "இந்தப் பாதையெல்லாம் எங்கள் சொத்து" என்று சொல்கிறவரிடம் இதைக் கேட்டால் உண்மை வெளியே வரும். எது திறந்தது, எது நீங்களே நடந்து எடுத்துத் தனியாக வைத்திருப்பது? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

பாதை போகும் நிலம் யாருடையது என்பதும் முக்கியம். தோட்டங்கள் 1992 இலிருந்து பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன, தேயிலைக்கு நடுவே போகும் பாதையை வரைபடத்தில் போட்டு ஆட்களை அனுப்பினால் ஒரு நாள் கேட் பூட்டப்படலாம். ஹோட்டன் சமவெளி டிக்கட் எடுத்துப் போகும் தேசியப் பூங்கா. பிதுருதலாகல உச்சியில் பாதுகாப்பு வலயம். இதெல்லாம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்ப் பெயர்களையும் விடாதீர்கள். போர்டில் ஆங்கிலப் பெயர் இருக்கும், ஊரில் எல்லோரும் சொல்வது வேறு பெயராக இருக்கும். கால் பிசகிய ஒருவருக்காக 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட்டு இடம் சொல்லும்போது எந்தப் பெயரைச் சொல்வது? இரண்டு பெயரும் இருக்கும் வரைபடம்தான் இந்த மலையில் உதவும், அதைத் தொகுக்க லயத்தில் உட்கார்ந்து தமிழில் பேசத் தெரிந்த ஆள் கம்பனியில் இருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. பத்து லட்சத்துக்கு ஐந்து வீதம் என்றால், உங்கள் காசையும் சேர்த்துக் கம்பனி இரண்டு கோடி பெறும் என்று சொல்கிறார்கள். பெறுமா? ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 3,000 ரூபா கட்டும் ஆட்கள் ஆயிரம் பேர் என்றால் 30 லட்சம். கூகுளும் ஆப்பிளும் சின்னக் கம்பனிகளிடம் எடுக்கும் 15 வீதம் போனால் கையில் 25 லட்சத்து 50 ஆயிரம். பாதை பார்க்க இரண்டு பேருக்கு மாதம் 60,000 படி வருடத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம், மென்பொருள் எழுதும் ஒருவருக்கு மாதம் ஒன்றரை லட்சம் படி 18 லட்சம். கூட்டினால் 32 லட்சத்து 40 ஆயிரம், சர்வர் செலவு இன்னும் சேர்க்கவில்லை. ஆயிரம் பேர் கட்டியும் நட்டம். ஆகவே வேறு யார் காசு கட்டுவார்கள் என்று கேளுங்கள். கெஸ்ட்ஹவுஸ்காரர்களா, வழிகாட்டிகளா, தோட்ட நிர்வாகமா? கடிதம், பில் ஏதாவது இருந்தால் பாருங்கள், வாய்ப் பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். சிவனொளிபாதமலைக்கு ஏறும் கூட்டத்தைக் காட்டி "இத்தனை பேர் வாடிக்கையாளர்" என்பார்கள், படிக்கட்டும் விளக்கும் இருக்கிற பாதைக்கு யார் வரைபடம் வாங்குவார்? பருவத்தையும் பாருங்கள்: ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை, அந்த நடு மாதங்களில் ஊவா காய்ந்து கிடக்கும். இரண்டு பக்கமும் பாதை வைத்திருந்தால் வருடம் முழுக்க வருமானத்துக்கு வழி இருக்கிறது.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் நான் இழந்தது இங்கேதான். முதல் முறை காசைக் கொடுத்து ஒரு துண்டில் கையெழுத்து வாங்கினேன், பங்குச் சான்றிதழ் வரவில்லை, பதிவேட்டில் என் பெயர் ஏறவில்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி புதிதாகப் பங்கு வெளியிட்டால் 20 வேலை நாளுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும், அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காசைக் கம்பனியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், பணிப்பாளரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாவும் வேண்டாம். தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது, அதனால் பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டால் ஒதுங்குங்கள். மாதா மாதம் இவ்வளவு வட்டி தருகிறோம் என்றால் அது வைப்பு எடுப்பது, அதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். கம்பனி சிங்கப்பூரில் பதிவு என்றால் இங்கிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்க 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் வந்துவிடும், முதலில் வங்கியில் பேசுங்கள்.

காசு எப்படித் திரும்பி வரும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில், பெரிய கம்பனி ஒன்று வாங்கினால்தான். ஃபாட்மேப் என்ற மலை வரைபடச் செயலியை ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலிக் கம்பனி 2023 இல் வாங்கியது, 2024 இல் அந்தச் செயலியை மூடியது. கொமூட் என்ற நடைவழிச் செயலியை 2025 இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலியக் கம்பனி வாங்கியது, ஊழியர்களில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பியது. அப்படி ஒரு விற்பனை வந்தால் லயத்தில் உட்கார்ந்து தொகுத்த பெயர்கள் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் எழுதினேன்: விற்றாலும் மூடினாலும் பாதையும் பெயரும் திறந்த தரவாக வெளியிடப்பட வேண்டும்.

கடைசியாக, காசை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். பாதியை இப்போது, மீதியை ஒரு மழைக்காலம் போன பிறகு. முதலில் நடந்த அதே பாதையில் மறுபடி நடந்து, வழியில் மாறியதெல்லாம் செயலியிலும் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். ஊவாப் பக்கம் என்றால் அந்த நடையை ஜனவரியில் வைக்காதீர்கள், மழை ஓய்ந்து மண் இறுகிய பிறகு, பெப்ரவரி கடைசியில் போங்கள். காலில் ஏறும் அட்டைக்குச் சவர்க்காரக் கட்டி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.