ஷூ லேஸைக் குழந்தையே கட்டிப் பழக

ஐந்து, ஆறு வயதில் விரல் தோதாக வளையும். எதிரே உட்கார்ந்து காட்டாதீங்க, இடம் வலம் மாறிப்போகும், பக்கத்தில் உட்காருங்க. வழுக்கும் நைலான் லேஸ் வேண்டாம். திருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் தட்டையான பருத்தி நாடா போதும்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம்.

சிவப்பை நீலத்துக்கு மேலே போட்டு, அடியில் நுழைத்து இறுக்கணும். பிறகு இரண்டிலும் முயல் காது மாதிரி சின்ன வளையம். மறுபடியும் சிவப்புக் காதுதான் மேலே போய் அடியில் நுழையணும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். நீலத்தை மேலே போட்டுவிடுவாங்க. அப்போது முடிச்சு ஷூவுக்குக் குறுக்கே நிற்காமல் நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும், பள்ளி வேன் ஏறுவதற்குள் அவிழ்ந்துவிடும்.

கடைசியில், "காதைப் புடிச்சு இழு கண்ணு, வாலை இழுக்காதே"ன்னு சொல்லுங்க. வாலை இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.