கிளஸ்டர் அக்கவுண்ட் கிடைச்சவுடன செய்யவேண்டியது

யூனிவர்சிட்டி கிளஸ்டர்ல, அதாவது கன கம்பியூட்டரை ஒண்டாச் சேர்த்து வச்சிருக்கிற இடத்தில, அக்கவுண்ட் கிடைச்சிட்டா, எஸ்எஸ்எச்சால (தூர இருந்து கம்பியூட்டருக்குள்ள போற வழி) உள்ள போனவுடன பைதனை அங்கயே ஓட விடாதீங்க, அது லொகின் நோட். எல்லாரும் ஃபைல் எடிட் பண்ண, ஜொப் (ஓட விட வேண்டிய வேலை) அனுப்ப வந்து போற இடம், அங்க பெரிய கணக்கொண்டை ஓட விட்டா மற்ற ஆக்களுக்கு ஒரு எழுத்து டைப் பண்ணவே இழுபடும், அட்மினும் நிப்பாட்டிப்போடுவார். உண்மையான வேலை நடக்கிறது கம்பியூட் நோட்ல, அதைக் கேட்டு வாங்கணும், கன கிளஸ்டர்ல ஸ்லர்ம் எண்ட ஷெட்யூலர்தான் அதைப் பங்கு பிரிக்குது.

இப்ப கொட்டியாரக் குடா கடல் வெப்பநிலை சாட்டலைட் ஃபைல்கள் ஆயிரம் இருக்கு, சராசரி எடுக்கணும் எண்டு வைங்க. முதல்ல பத்து ஃபைலோட மட்டும் ஒரு ஜொப் போடுங்க. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையா எழுதின ஃபைல்), அதிண்ட தலையில #SBATCH எண்டு தொடங்குற எஸ்பேட்ச் வரிகளா டைம், மெமரி, கோர் (ப்ரொசெசருக்குள்ள கணக்குச் செய்யிற பகுதி) மூண்டையும் எழுதி, கீழ பைதனைப் பாவிக்கத் தயாராக்கிற மொடியூல் லோட் பைதன், அதுக்குக் கீழ உங்கட கட்டளை. எஸ்பேட்ச் வரியைக் கட்டளைக்குக் கீழ எழுதினா ஸ்லர்ம் ஒண்டும் சொல்லாம விட்டுட்டுப் போயிடும், கவனம். பிறகு எஸ்பேட்ச் (sbatch) கட்டளை குடுத்து ஸ்கிரிப்டை அனுப்புங்க, எஸ்கியூ (squeue) அடிச்சா PD எண்டா வரிசையில நிக்குது, R எண்டா ஓடுது. நிப்பாட்ட எஸ்கேன்சல் (scancel).

பத்து ஃபைல் முடிஞ்சதும் எஸ்ஆக்ட் (sacct) அடிச்சு எவ்வளவு நேரம், எவ்வளவு மெமரி போனது எண்டு பாருங்க, இதைத்தான் கன பேர் செய்யிறதில்ல. அந்தக் கணக்கை வச்சு கொஞ்சம் கூடப் போட்டு முழு ஜொப்பைக் கேளுங்க. பயத்தில மூண்டு நாள், நூறு ஜிபி எண்டு கேட்டா வரிசையிலயே கிடப்பீங்க, ரெண்டு மணித்தியாலம் எண்டு சரியாக் கேட்டா கொழும்பு பஸ்ல பெரிய மூட்டைகளுக்கு நடுவில சின்னப் பொதியைச் செருகுற மாதிரி ஸ்லர்ம் உங்களை இடைவெளியில ஏத்திவிடும். ஆனா குறைச்சுக் கேட்டா நேரம் முடிஞ்சவுடன ஜொப்பை வெட்டிவிடும். கோட் ஒரு கோர்லதான் ஓடுதெண்டா பதினாறு கேக்காதீங்க, பதினைஞ்சு சும்மா கிடக்கும், அந்த நேரம் வேற பிள்ளை ஒண்டு தீசிஸ் முடிக்க ஏலாமக் காத்துக்கொண்டு நிக்கும்.

மாரியில உப்புவெளிப் பக்கம் கரண்ட் போனாலும் பயப்பிட ஒண்டுமில்ல, வரிசைக்குப் போன ஜொப்புக்கு உங்கட லப்டொப் தேவையில்ல, அது பாட்டில ஓடும். ஃபைல் ஏத்துறதுதான் நடுவில அறும், அதுக்கு ஃபைல் கொப்பி பண்ணுற ஆர்சிங்க்கை (rsync) பார்ஷியல் ஒப்ஷனோட (--partial) பாவியுங்க, திரும்ப ஓட விட்டா விட்ட இடத்தில இருந்து தொடங்கும். ஸ்க்ராட்ச்ல (கிளஸ்டர்ல தற்காலிகமா ஃபைல் வைக்கிற இடம்) கிடக்கிற ஃபைல்களைக் கன இடத்தில குறிச்ச நாளுக்குப் பிறகு அழிச்சிடுவாங்க, ரிசல்ட் வந்த கையோட வீட்டுக்கு இறக்கிடுங்க.

சிக்கினா அட்மினுக்கு எழுதுங்க, எழுதேக்க ஜொப் நம்பர், ஸ்கிரிப்ட், எரர் ஃபைல் மூண்டையும் சேர்த்து அனுப்புங்க, வெறுமன வேலை செய்யுதில்ல எண்டா அவராலயும் ஒண்டும் பிடிக்க ஏலாது.