பணக்கல்விக்கு நிதி கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

பணத்தைக் கையாளச் சொல்லித்தரும் சமூகத் திட்டங்களுக்கு நிதி தர இன்று ஆள் இருக்கிறார்கள். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பங்குத் தரகு நிறுவனங்கள் ஆகியவற்றின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவுகளுக்கு இது பிடித்தமான தலைப்பு. சென்னையில் வியாசர்பாடியிலும் பெரும்பாக்கத்திலும் வேலை செய்யும் சிறு அமைப்புகளும் ஆர்வத்தோடு விண்ணப்பிக்கின்றன. பிறகு பதிலே வருவதில்லை. அத்தகைய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. நடை சுமாராக இருந்ததால் ஒரு விண்ணப்பம் தோற்றதாக நான் பார்த்ததில்லை. ஊராருக்கு வரவு செலவு சொல்லித்தரப் புறப்பட்ட அமைப்பு, அந்தப் பகுதியில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதையும், தன் திட்டத்தில் பணம் எங்கே போகும் என்பதையும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அங்கேதான் சறுக்கல்.

"இப்பகுதி மக்களிடம் நிதி விழிப்புணர்வு இல்லை" என்று தொடங்காத விண்ணப்பம் அபூர்வம். காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் கைமாற்று, மாலையில் அதை அடைப்பது, நடுவில் ஓர் ஏலச்சீட்டு, மகளிர் குழுத் தவணை, அடகில் ஒரு ஜோடிக் கம்மல். இத்தனையையும் மனக்கணக்கில் ஓட்டுபவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவது அவரைப் பார்க்காமலே எழுதுவது. அவருக்கு இல்லாதது மலிவான கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதத்தில் வரத்து குறையும்போது குடும்பம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று ஒரு பத்தி எழுதினால் போதும், தேவை தானாகவே விளங்கிவிடும்.

வடசென்னையின் தண்டல் என்னும் தினவசூல் கடனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பாடத்திட்டங்கள் எத்தனையோ வருகின்றன. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். வாங்கியவரைக் கேட்டால் "நூற்றுக்குப் பத்துதானே" என்பார். ஆனால் கடன் ஒவ்வொரு நாளும் கரைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக அவரிடம் நிற்பது 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பிடித்தம் 1,500 என்றால் இன்னும் மோசம். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுக் காட்டக்கூடிய இந்தக் கணக்கு, "சம்பளத்தில் 20 சதவீதம் சேமியுங்கள்" என்ற படக்காட்சியைவிட ஆயிரம் மடங்கு பயன் தரும். மாதச் சம்பளமே இல்லாதவர் எந்தச் சம்பளத்தில் 20 சதவீதத்தை எடுத்து வைப்பார்?

கணக்கைக் காட்டுவதோடு நின்றுவிடவும் கூடாது. தண்டல்காரர் வாசலுக்கே வருகிறார், வங்கி வருவதில்லை. ஆகவே வகுப்பு முடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே போவார் என்பதற்கு விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும். சுய உதவிக் குழுவின் வங்கிக் கடன், கூட்டுறவு வங்கி நகைக்கடன், 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிகளுக்கான பிணையில்லாக் கடன் எனச் சில வழிகள் இருக்கின்றன. யார் அழைத்துப் போய் எந்தக் கிளையில் விண்ணப்பம் எழுதித் தருவார் என்று சொல்கிற அமைப்பை நன்கொடையாளர் மறக்கமாட்டார்.

சீட்டு விஷயத்திலும் இதே கதைதான். "சீட்டுப் போடாதீர்கள்" என்று சொல்லும் பாடத்தைச் சென்னையில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுக்கும், தெருமுனையில் நோட்டுப் புத்தகத்தில் நடக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டும். ஏமாந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சேர்க்க வேண்டும். முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டுக்கு 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. காவல்துறையில் பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது. அங்கீகாரமில்லாத வைப்புத் திட்டங்கள் பற்றிப் புகார் செய்ய ரிசர்வ் வங்கியின் சசேத் தளம் இருக்கிறது. இணைய மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. இவை எல்லாம் இல்லாமல் மியூச்சுவல் ஃபண்டில் தொடங்கி மியூச்சுவல் ஃபண்டில் முடியும் பாடத்திட்டத்தைப் பார்த்தால், அது யாருக்காக எழுதப்பட்டது என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. நிதி தருவது ஒரு காப்பீட்டு நிறுவனம் என்றால், அதன் பாலிசியை வகுப்பில் அறிமுகப்படுத்துவது நன்றிக்கடன் என்று சிலர் நினைக்கிறார்கள். தன் பொருளுக்கோ சேவைக்கோ சந்தை ஆதாயம் தேடிச் செய்யும் செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. நிறுவனத்தின் சட்டப் பிரிவில் இருப்பவர் விண்ணப்பத்தில் பாலிசி அறிமுகம் என்ற வரியைப் பார்த்தவுடன் கோப்பை மூடிவிடுவார். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா பீமா, 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு தரும் ஜீவன் ஜோதி போன்ற அரசுத் திட்டங்களைச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் அந்தப் பிடித்தம் இந்த ஆண்டு போயிருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி காகிதங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பணத்தை வாங்கத் தங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பதில்லை. அறக்கட்டளையோ சங்கமோ பதிவு பெற்றிருக்க வேண்டும். வரிவிலக்குக்காக வருமான வரித் துறை தரும் 12ஏ, 80ஜி பதிவுகள் இரண்டும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவெண்ணும் வேண்டும். இதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். போன வருடம் தொடங்கிய அமைப்பு இதில் நேரடியாக நுழைய முடியாது. தகுதியுள்ள பழைய அமைப்போடு சேர்ந்து களப்பணியை ஏற்றுக்கொள்வதே அதற்கு நடைமுறை வழி. இரண்டாண்டில் அனுபவமும் சேர்ந்துவிடும்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் தேவை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் "நான் அனுப்புகிறேன்" என்பார். அவர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் சென்னைக்கு வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அதே விதிதான். பதிவு பெற்ற வேறொரு தொண்டு நிறுவனம் தன் வெளிநாட்டு நிதியில் பங்கு தருவதாகச் சொன்னாலும் ஏற்க முடியாது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

பட்ஜெட்டில் இரண்டு வகைத் தவறு. ஒன்று, கூச்சம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயிற்றுநர் சம்பளத்தையே சுருக்கிவிடுகிறார்கள். அந்த வரம்பு நிதி தரும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் வகுப்பு நடத்த ஆகும் செலவுக்கானது அல்ல. பயிற்றுநரின் ஊதியம், பஸ் கட்டணம், தணிக்கைச் செலவு எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். மற்றொன்று, வீண் செலவு. "பாடநூல் தயாரிப்பு: 3 லட்சம்" என்று போடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேடுகள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தண்டல், சீட்டு போன்ற உள்ளூர்ப் பகுதிக்கு மட்டும் சில பக்கங்கள் சேர்க்கப் பணம் கேட்டால் நியாயம்.

வகுப்பு நேரம் சின்ன விஷயம்போலத் தோன்றும். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலையிலேயே பஸ் ஏறிவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணி வகுப்பு யாருக்கு? ஞாயிறு மாலை என்று எழுதி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சிறு தொகையும் ஒதுக்கியிருந்தால், எழுதியவர் அந்தக் குடியிருப்புக்குப் போயிருக்கிறார் என்று வாசிப்பவர் புரிந்துகொள்வார்.

பலனை அளப்பதில் "5,000 பேருக்குப் பயிற்சி" என்ற தலைக்கணக்கு இப்போது எடுபடுவதில்லை. எடுபடவும் கூடாது. தொடக்கத்தில் நூறு பேரிடம் சில கேள்விகள், ஆறு மாதம் கழித்து அதே நூறு பேரிடம் அதே கேள்விகள்: வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமனம் இருக்கிறதா, தண்டல் எத்தனை ஓடுகிறது, சீட்டு நடத்துபவரிடம் பதிவுச் சான்று கேட்டீர்களா. எண்ணிக்கை சிறிதானாலும் நம்பலாம்.

வருகைப் பதிவுக்காக ஆதார் நகல், கணக்கு எண், கையெழுத்து என்று வாரிக் குவிப்பதை மட்டும் நிறுத்துங்கள். ஒரு வகுப்பில் பார்த்தேன். "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பயிற்றுநர் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறார், பின்வரிசையில் தன்னார்வலர் ஒருவர் பயனாளிப் பதிவுச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்கிறார். அக்கா சொல்லிவிட்டார். பெயர், தெரு, கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இவை போதும் என்று நன்கொடையாளரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளலாம். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினால் அவர்களும் தயங்கமாட்டார்கள்.

நிதி கிடைத்த பிறகு பெரும்பாலோர் தடுமாறுவது இரண்டாம் தவணையில். முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுத்த பிறகுதான் அடுத்தது வரும். சான்றிதழுக்குச் சில வாரம், நிறுவனத்தின் ஒப்புதலுக்குச் சில வாரம். அதுவரை பயிற்றுநர்களுக்குச் சம்பளம் இல்லை; செயலாளர் கைமாற்று வாங்கி ஓட்டுகிறார். இதைத் தடுக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இரண்டு கேட்கலாம்: முதல் தவணையில் 75 சதவீதம் செலவானதும் அடுத்ததற்கு விண்ணப்பிக்க அனுமதி, சான்றிதழ் போய்ச் சேர்ந்த எத்தனை நாளில் பணம் வரும் என்பதற்கு எழுத்தில் ஒரு கெடு. கேட்டால் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. கேட்பவர்கள்தான் குறைவு.