கிறிஸ்துமஸ் விருந்தை நவம்பரிலேயே தொடங்குங்கள்

பல நாடுகளின் கிறிஸ்துமஸ் பண்டங்களை ஒரே மேசையில் பரிமாற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தேவையான பொருள்களின் பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. இப்பண்டிகைக்குரிய உணவுகளில் பல, ஊறியோ புளித்தோ பக்குவப்பட்டோதான் தமக்குரிய சுவையை அடைகின்றன. ஆகவே அதிக நாள் காத்திருக்க வேண்டியதை முதலில் தொடங்குவதே எளிய வழி.

அவ்வகையில் முதலிடம் இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு உரியது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை, அதாவது நவம்பர் 20 முதல் 26 வரையிலான நாள்களில் வரும் ஞாயிறு, இதற்குக் கலவை தயாரிக்கும் நாள். அன்றைக்குரிய ஆங்கிலிக்கன் செபம் மனங்களைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு இறைவனை வேண்டித் தொடங்குவதால், அந்த நாளுக்கே ‘கிளறும் ஞாயிறு’ என்ற பெயர் வேடிக்கையாக ஒட்டிக்கொண்டது. 450 கிராம் உலர்திராட்சை வகைகளை 150 மில்லி லிட்டர் கறுப்பு பீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் 110 கிராம் ரொட்டித் தூள், 110 கிராம் துருவிய மாட்டுக் கொழுப்பு, 50 கிராம் மைதா, 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, 2 முட்டை, சிறிது பட்டை, ஜாதிக்காய்த் தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறுங்கள். மாட்டுக் கொழுப்பு வேண்டாதவர்கள் உறையவைத்த வெண்ணெயைத் துருவிச் சேர்க்கலாம். வெண்ணெய் தடவிய 1.2 லிட்டர் கிண்ணத்தில் கலவையை நிரப்பி, புட்டிங் உப்புவதற்கு இடம் இருக்கும்படி நடுவில் ஒரு மடிப்பு வைத்த தாளால் மூடிக் கட்டி, எட்டு மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். ஆறியபின் தாளை மாற்றி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வைத்துவிட்டால், பண்டிகையன்று இரண்டு மணி நேரம் மீண்டும் ஆவியில் சூடாக்கிப் பரிமாறலாம்.

எட்டு மணி நேர வேலையில், கவனிக்காதபோது அடியில் உள்ள தண்ணீர் வற்றிவிடுவதுதான் பெரிய தொல்லை. மெக்சிகோவில் தமாலே என்னும் மக்காச்சோள மாவுப் பண்டத்தை அவிப்பவர்கள் இதற்கு ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போடுகிறார்கள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கலகலத்துக்கொண்டே இருக்கும், ஓசை அடங்கினால் வெந்நீர் ஊற்ற வேண்டும். ஆங்கிலேயரோ, கிடைப்பவருக்கு நற்பேறு என்று சொல்லி, நாணயத்தைப் புட்டிங்குக்குள்ளேயே ஒளித்துவைக்கிறார்கள். பற்களின் நலன் கருதி நான் மெக்சிகோவின் பக்கம் நிற்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஜெர்மனியின் ஸ்டோலன் என்னும் உலர்பழ ரொட்டியைச் சுட்டுவிடுங்கள். திருவருகைக் கால நோன்பில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால், ஒரு காலத்தில் இது எண்ணெயில் பிசைந்த சுவையற்ற ரொட்டியாக இருந்தது. சாக்சனி ஆட்சியாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1491-ல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி வழங்கினார். இன்றைய ஸ்டோலனில் அந்த அனுமதி தாராளமாகவே பயன்படுத்தப்படுகிறது. உலர்பழங்களை முன்கூட்டியே ரம்மில் ஊறவைக்காவிட்டால் அவை மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே உருக்கிய வெண்ணெயை இருமுறை தடவி, பொடித்த சர்க்கரையைக் கனமாகத் தூவிச் சுற்றிவையுங்கள். இரண்டு வாரம் வெட்டாமல் இருப்பதுதான் கடினமான பகுதி.

போலந்தில் 24-ம் தேதி மாலை, வானில் முதல் விண்மீன் தெரிந்தபின், இறைச்சியில்லாத பன்னிரண்டு உணவுகளுடன் விருந்து தொடங்கும். அதில் இடம்பெறும் பார்ஷ்ச் என்னும் பீட்ரூட் சூப்புக்கான புளிநீரை ஒரு வாரம் முன்பே போட வேண்டும். ஒரு கிலோ பீட்ரூட்டை நறுக்கிப் பூண்டுடன் ஜாடியில் இட்டு, கொதித்து ஆறிய ஒன்றரை லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். துண்டுகள் நீருக்கு மேலே வந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அவற்றை அழுத்தி மூழ்கவையுங்கள். பரிமாறும் நாளில் இப்புளிநீரைக் காய்கறிச் சாற்றுடன் சேர்த்தபின் கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் அந்த அழகிய செந்நிறம் பழுப்பாகிவிடும்.

அவகாசமே இல்லாதவர்களுக்கு டென்மார்க்கின் ரிசலமாண்ட் போதும். பாலில் குழைய வேகவைத்த அரிசியை நன்றாக ஆறவிட்டு, அடித்த கிரீமையும் நறுக்கிய பாதாமையும் கலந்து, சூடான செர்ரி சாற்றுடன் பரிமாறுவார்கள். உள்ளே ஒரே ஒரு முழுப் பாதாம் ஒளிந்திருக்கும். அது கிடைத்தவருக்குப் பரிசு உண்டு. கிடைத்தவர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் கிண்ணம் காலியாகும்வரை தேடி உண்பதை வேடிக்கை பார்ப்பதும் மரபுதான்.

டிசம்பரையே தவறவிட்டவர்களுக்கு எத்தியோப்பியா இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் வருகிறது. நீண்ட நோன்பை முடித்துக்கொண்டு டோரோ வாட் என்னும் கோழிக்குழம்பை உண்பார்கள். ஒரு கோழிக்கு ஒரு கிலோ வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, கொழுப்பு எதுவும் சேர்க்காமல், மெல்லிய தீயில் பழுப்பு நிறம் வரும்வரை கிளறுவதில்தான் இதன் சுவை அடங்கியிருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதன் பின்னரே மசாலா கலந்த நெய்யும், பெர்பெரே என்னும் மிளகாய் மசாலாப் பொடியும், கோழித் துண்டுகளும் சேர வேண்டும். அவித்த முட்டைகளைக் கடைசியாகச் சேர்க்கும்போது மேலே லேசாகக் கீறிவிடுங்கள், குழம்பு உள்ளே இறங்கும்.