மெயில் சர்வர் சர்டிஃபிகேட்: டீ ஏல நாள்ல அவுட்லுக் கத்தாம இருக்க

குன்னூர், கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரி, எஸ்டேட் ஆஃபீஸ், ரிசார்ட்னு சொந்தமா மெயில் சர்வர் வெச்சு ஓட்டுறவங்க இன்னும் இருக்காங்க, அவங்க சிஸ்டத்த பாத்துக்குற பசங்களுக்குத்தான் இது. மெயில் கூகுள்லயோ மைக்ரோசாஃப்ட்லயோ இருந்தா சர்டிஃபிகேட் அவங்க பாடு, நீங்க வேற வேலையப் பாக்கலாம்.

ஆடிட்டர் ஆஃபீஸ்ல ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கு சொருகுற யுஎஸ்பி டோக்கன் இருக்குல்ல, அந்த டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் சிக்னேச்சர், வேற. அது ஒரு ஆளோட கையெழுத்து. இங்க பேசுறது சர்வரோட அடையாளம், டிஎல்எஸ் சர்டிஃபிகேட், எல்லாரும் எஸ்எஸ்எல்னு சொல்றது. "அதான் போன மாசமே ஆடிட்டர் ரினியூ பண்ணிட்டாரே"ன்னு முதலாளி கேப்பாரு, பொறுமையா வெளக்கிருங்க, இல்லன்னா கடைசி வரைக்கும் அதையே சொல்லிட்டு இருப்பாரு.

வருஷத்துக்கு ஒருதடவ காசு கட்டி வாங்கி கையால போடுற பழக்கம் இனிமே ஒத்துவராது. முன்னாடி ஒரு சர்டிஃபிகேட் அதிகபட்சம் 398 நாள் ஓடும், 2026 மார்ச் 15ல இருந்து 200 நாள்தான், 2027 மார்ச் 15ல இருந்து 100, 2029 மார்ச் 15ல இருந்து வெறும் 47 நாள்னு சர்டிஃபிகேட் குடுக்குற கம்பெனிகளும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரல்லயே முடிவு பண்ணிட்டாங்க. லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு அமைப்பு குடுக்குற சர்டிஃபிகேட் இலவசம், 90 நாள், அதையும் 2028ல 45 ஆக்குறதா சொல்லியிருக்காங்க. முடியப்போகுதுன்னு அவங்க அனுப்பிட்டிருந்த ஞாபக மெயிலும் 2025 ஜூன்லயே நின்னுபோச்சு. அதனால மெஷினே ரினியூ பண்ணிக்கணும், ஆள நம்பக்கூடாது.

சர்டிஃபிகேட் எந்த பேருக்கு வாங்குறதுன்னு முதல்ல பாருங்க. டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்டுல இருக்குற பேரு வேணும், ஸ்டாஃப் அவங்க போன்லயும் அவுட்லுக்லயும் சர்வர்னு என்ன பேரு போட்டிருக்காங்களோ அதுவும் வேணும். ஒரு சீட்டுல 'மெயில் டாட்' போட்டிருக்கும், இன்னொன்னுல வெறும் டொமைன் இருக்கும், எங்கயோ ஒரு பழைய சீட்டுல ஐபி அட்ரஸே இருக்கும். எல்லாத்தையும் ஒரே பேருக்கு மாத்திருங்க. எல்லா சப்டொமைனுக்கும் ஒரே சர்டிஃபிகேட்டா வைல்ட்கார்டு வாங்கிட்டா ஈஸின்னு தோணும், ஆனா அதோட ரகசிய கீ ஒண்ணு வெளிய போனா எல்லா சப்டொமைனும் போச்சு, சின்ன ஆஃபீஸுக்கு அது தேவையே இல்ல.

அடுத்து செர்ட்பாட், லெட்ஸ் என்கிரிப்ட்ல இருந்து சர்டிஃபிகேட்ட தானா வாங்கி ரினியூ பண்ற புரோகிராம். டொமைன் உங்களுதுதான்னு அது காட்டணும். வெளிய இருந்து போர்ட் 80 திறந்திருந்தா எச்டிடிபி முறையில முடிஞ்சிரும். ஃபேக்டரி ரௌட்டர்ல பெரும்பாலும் மெயில் போர்ட் மட்டும்தான் திறந்திருக்கும், வெப்சைட் எங்கயோ வேற ஹோஸ்டிங்ல கெடக்கும், அப்படின்னா டிஎன்எஸ் முறைதான் சரி. டொமைன்ல ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு தானா ஏறி இறங்கும், அதுக்கு டிஎன்எஸ் கம்பெனில ஏபிஐ டோக்கன் (புரோகிராம் உள்ள போறதுக்கான சாவி) வாங்கி செர்ட்பாட்டுக்கு குடுக்கணும், அந்த டோக்கனுக்கு எவ்வளவு கம்மியா பர்மிஷன் குடுக்க முடியுமோ அவ்வளவுதான் குடுங்க. முதல்ல லெட்ஸ் என்கிரிப்ட்டோட டெஸ்ட் சர்வரான ஸ்டேஜிங்ல ஓட்டிப் பாருங்க, நேரா நிஜத்துல மோதி ஒரு மணி நேரத்துல அஞ்சு தடவ ஃபெயில் ஆனா கொஞ்ச நேரம் கதவ சாத்திருவாங்க.

மெயில் அனுப்பி வாங்குற போஸ்ட்ஃபிக்ஸ்லயும், மெயில்பாக்ஸ ஸ்டாஃபுக்கு காட்டுற டவ்காட்லயும் ஃபுல்செயின் ஃபைலத்தான் காட்டணும், வெறும் செர்ட் ஃபைல இல்ல. நடுவுல இருக்குற இன்டர்மீடியட் சர்டிஃபிகேட் விட்டுப்போனா சில கம்ப்யூட்டர்ல ஒழுங்கா ஓடும், போன்ல மட்டும் கத்தும், காரணம் புரியாம மண்டைய ஒடச்சுக்குவீங்க. டவ்காட் 2.4ல செட்டிங் பேரெல்லாம் மாறிருச்சு, நெட்ல கெடைக்குற பழைய குறிப்ப அப்படியே ஒட்டாதீங்க. ப்ரைவேட் கீ ஃபைல ரூட் (அட்மின்) யூசர் மட்டும்தான் படிக்கணும், வாட்ஸ்அப்ல அனுப்புறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

நிறைய இடத்துல சறுக்குறது இதுக்கப்புறம்தான். செர்ட்பாட் கரெக்டா ரினியூ பண்ணிரும், டிஸ்க்குல புது ஃபைல் ஜம்முனு உக்காந்திருக்கும், ஆனா ஓடிட்டிருக்குற டவ்காட் மெமரில பழசையே வெச்சுகிட்டு அதையேதான் எல்லாருக்கும் நீட்டும். அதனால செர்ட்பாட்டோட ரினியூவல் ஹூக்ஸ்ல டிப்ளாய் ஃபோல்டர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ரெண்டையும் ரீலோட் பண்ண சொல்லுங்க, ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோடே போதும். ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

செக் பண்ணும்போதும் ஃபைல் தேதியப் பாக்காதீங்க, சர்வர் வெளிய என்ன காட்டுதுன்னு பாருங்க. ஓப்பன்எஸ்எஸ்எல்ல எஸ்-க்ளையன்ட் கமாண்ட் வெச்சு மெயில் போர்ட் 465, 993 ரெண்டுக்கும் நேரா போகலாம், 25க்கும் 587க்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமா ஆரம்பிச்சு அப்புறம் டிஎல்எஸ்ஸுக்கு மாறுறது) சேத்து போகணும், நாலுலயும் முடியுற தேதி ஒண்ணா இருக்கணும். இத தினமும் தானா ஓடுற ஒரு க்ரான்ல போட்டு 20 நாளுக்கு கீழ போனா அலர்ட் வர்ற மாதிரி வெச்சிருங்க, அலர்ட்ட எஸ்எம்எஸ்ஸுக்கோ டெலிகிராமுக்கோ அனுப்புங்க, அதே மெயில்பாக்ஸுக்கு அனுப்பிட்டு காத்திருக்குறவங்களும் இருக்காங்க.

சர்டிஃபிகேட் முடிஞ்சிட்டாலும் வெளிய இருந்து மெயில் பெரும்பாலும் வந்துகிட்டே இருக்கும். அனுப்புற சர்வருங்க பொதுவா தேதியெல்லாம் கண்டுக்காது, சரியான சர்டிஃபிகேட் இருந்தாத்தான் மெயில் குடுக்கணும்னு சொல்ற எம்டிஏ-எஸ்டிஎஸ் விதிய உங்க டொமைன்ல கறாரா வெச்சிருந்தா தான் நிக்கும். அதனால யாருக்குமே தெரியாது, ஏல நாள் காலைல அக்கவுன்டன்ட் போன் பண்றப்பதான் தெரியும்: "அண்ணா, ஏதோ செக்யூரிட்டி வார்னிங் வருதுங்க, எஸ் குடுத்துரட்டுமா?" குடுக்கக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க. ஒருதடவ எஸ் அமுக்கி பழகிட்டா நாளைக்கு யாராச்சும் நிஜமாவே நடுவுல பூந்து பாஸ்வேர்ட தூக்குனாலும் அதே எஸ்தான் அமுக்குவாங்க.

மலையில இருக்குற சங்கதி ரெண்டு. ஐப்பசி கார்த்திகை மழைல பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சு ஃபைபர் அந்துபோனா பயப்படாதீங்க, செர்ட்பாட் இன்னும் மூணுல ஒரு பங்கு நாள் மிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சு தினம் ரெண்டு தடவ முயற்சி பண்ணும், ரெண்டு மூணு நாள் லைன் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது. கரண்டுதான் பிரச்சனை. பழைய பெட்டில மதர்போர்டு பேட்டரி செத்திருந்தா, யுபிஎஸ்ஸும் கைவிட்ட ஒரு நீளமான கட்டுக்கு அப்புறம் கடிகாரம் பல வருஷம் பின்னாடி போய் நிக்கும், நல்லா இருக்குற சர்டிஃபிகேட்டையே இன்னும் ஆரம்பிக்கலன்னு சொல்லும், ரினியூவும் ஆகாது. அந்த காசு மாதிரி பேட்டரி சிஆர்2032, எலக்ட்ரிக்கல் கடையிலயே கெடைக்கும், மாத்திட்டு நெட்ல இருந்து நேரம் எடுத்துக்குற க்ரோனி புரோகிராம் போட்டு டைம் சிங்க் ஆகுதான்னு பாத்துருங்க.

கடைசியா ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புற பழைய ஜெராக்ஸ் மெஷின். அது பழைய டிஎல்எஸ் 1.0 தான் பேசும்னா அதுக்காக சர்வரயே இறக்காதீங்க, அந்த மெஷினோட ஐபிக்கு மட்டும் உள் நெட்வொர்க்ல தனியா ஒரு ரிலே (மெயில வாங்கி சர்வருக்கு தள்ளிவிடுறது) வெச்சு விட்டுருங்க.