இரண்டிலும் 65 வாட்: பிராசசர் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

இன்டெல் கோர் ஐ5-13400, ஏஎம்டி ரைசன் 5 7600 இரண்டும் 2023 ஜனவரியில் அடுத்தடுத்து வந்த டெஸ்க்டாப் பிராசசர்கள். இரண்டுக்கும் 65 வாட் என்றே போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்கும் என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இன்டெல் சொல்லும் 65 வாட், அடிப்படை வேகத்தில் ஓடும்போது உள்ள கணக்கு. டர்போவில், அதாவது தேவைப்படும்போது அடிப்படையைத் தாண்டி வேகமெடுக்கையில், 148 வாட் வரை போகும் என்று அதே விவரப்பட்டியலில் தனியாக இருக்கிறது. ஏஎம்டியின் 65 வாட்டுக்கு ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் அந்த பிராசசர் உட்காரும் இடம்) மின்வரம்பு 1.35 மடங்கு, அதாவது 88 வாட். ஆக, பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியவை 148ம் 88ம். அவையும் உச்சவரம்புகள்தான், மெயில் பார்க்கும்போது இரண்டு பிராசசரும் அந்தப் பக்கமே போகாது.

கோர், அதாவது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, அதன் எண்ணிக்கையிலும் இதே கதை. 13400ல் 10 கோர், 7600ல் 6. ஆனால் அந்த 10ல் 6 பெரியவை, 4 சிறியவை. பெரிய கோருக்கு 2 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச்சரம்), சிறியதற்கு 1, மொத்தம் 16. 7600ல் ஆறும் ஒரே வகை, 12 த்ரெட். வீடியோ என்கோடிங் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது), ரெண்டரிங் (3டி காட்சியைப் படமாக்குவது) போல வேலையைத் துண்டுபோட்டுப் பிரிக்க முடிந்தால் சிறிய கோர்கள் கைகொடுக்கும். ஒரே த்ரெட்டில் ஓடும் வேலைக்கு அவற்றால் பயனில்லை. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்ப்பதும் வேண்டாம். 2006ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ முந்தியது. ஒரு கிளாக் துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது வடிவமைப்புக்கு வடிவமைப்பு மாறும்.

லேப்டாப் வாங்குபவர்கள் பெயரில் ஏமாறுகிறார்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 5625யு இரண்டில் எது புதியது என்றால் 7520யு என்போம். வந்த தேதிப்படி அது சரிதான். ஆனால் அதில் இருப்பது ஏஎம்டியின் பழைய ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். 5625யுவில் ஜென் 3, 6 கோர். 7000 வரிசை லேப்டாப் ரைசன்களில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது: 7520ல் அது 2, அதாவது ஜென் 2.

சோதனை எண்களை எடுக்கும்போது பதிப்பைப் பாருங்கள். பிராசசர் வேகத்தை அளக்கும் மென்பொருளான கீக்பெஞ்சில், கீக்பெஞ்ச் 5 மதிப்பெண்ணை கீக்பெஞ்ச் 6 மதிப்பெண்ணோடு ஒப்பிடவே முடியாது, அளவுகோலே வேறு. சினிபெஞ்ச் போன்ற ரெண்டரிங் சோதனையை ஒரே சுற்றோடு நிறுத்தாமல் குறைந்தது 10 நிமிடம் ஓடவிட வேண்டும். முதல் நிமிடத்தில் கூலர் இன்னும் சூடாகியிருக்காது, டர்போ முழுவேகத்தில் இருக்கும். சூடேறியபின் வேகம் எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஒரே கூலர், ஒரே அறை வெப்பம், ஒரே கிராபிக்ஸ் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) மின்வரம்பையும் சரிபார்க்க வேண்டும்: சில மதர்போர்டுகள் 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், வைத்து அனுப்புகின்றன. ரேமில் இன்னொரு சிக்கல். 13400 டிடிஆர்4, அதற்கு அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். 7600க்கு டிடிஆர்5 மட்டும்தான். ஒன்றில் டிடிஆர்4 3200, மற்றதில் டிடிஆர்5 6000 போட்டு எடுத்த முடிவு பிராசசரைப் பற்றியது மட்டுமல்ல, ரேமையும் சேர்த்தது. கேம் சோதனையை 4கே தெளிவில் எடுத்தால் கிராபிக்ஸ் கார்டே தடையாகி இரண்டு பிராசசரும் சமமாகத் தெரியும், 1080பியில் எடுங்கள்.

சிக்கனம் என்று வரும்போதுதான் கணக்கு நன்றாகக் குழம்புகிறது. கரண்ட் பில் வருவது வாட்டுக்கு அல்ல, வாட்டை நேரத்தால் பெருக்கி வரும் யூனிட்டுக்கு. ஒரு ரெண்டரை 'அ' பிராசசர் 200 வாட்டில் 10 நிமிடத்தில் முடிக்கிறது, 'ஆ' 90 வாட்டில் 20 நிமிடத்தில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'அ' செலவழித்தது 33.3 வாட்-மணி, 'ஆ' 30. 'ஆ'தான் சிக்கனம் என்று தோன்றும். ஆனால் மதர்போர்டு, ரேம், கார்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்து 60 வாட் இழுக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் 'அ'வுக்கு 43.3, 'ஆ'வுக்கு 50. முடிவு தலைகீழ். வேலை முடிந்ததும் 'அ' கம்ப்யூட்டரை அணைக்காமல் மீதி 10 நிமிடம் 60 வாட்டில் சும்மா விட்டால் அது 53.3 ஆகிவிடும், திரும்பவும் 'ஆ' முந்துகிறது. அணைக்கப்போகிறீர்களா இல்லையா என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

அதனால் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளில் தெரியும் பிராசசர் வாட்டோடு நிறுத்தாதீர்கள். பிளக்கில் மாட்டும் பவர் மீட்டர் ஒன்று வாங்கி, இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போட்டு, வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை மீட்டரில் ஏறும் வாட்-மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதையும் திறக்காமல் டெஸ்க்டாப்பில் 10 நிமிடம் விட்டு, அந்த எண்ணையும் எழுதுங்கள். இதைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சும்மா இருக்கும்போது 'அ' வெறும் 15 வாட் கூடுதலாக இழுத்தாலும், நாளுக்கு 8 மணி நேரத்தில் அது 120 வாட்-மணி. மேலே சொன்ன ரெண்டரில், முடிந்ததும் அணைத்தால், 'அ' மிச்சம் பிடித்தது 6.7 (50க்கும் 43.3க்கும் உள்ள வித்தியாசம்). அந்த 120ஐ ஈடுகட்ட தினமும் 18 ரெண்டர் ஓட்ட வேண்டும்.