உப்புத்தண்ணித் தொட்டிக்குக் கல் எடுக்கும்போது

போன மாதம் மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கடல் மீன் வளர்க்கப் புதிதாக வாங்கிய நாலடித் தொட்டி, இன்னும் தண்ணீர் விடவில்லை. பக்கத்தில் பெரிய பேசின் நிறைய வெள்ளை முருகைக்கல், பவளம் செத்து இறுகிய கல். மீன் கழிவைத் தின்னும் பக்டீரியா குடியிருப்பது அதன் துவாரங்களில்தான். "சுத்தமான கல் அண்ணே, பத்து வருசமா வெயில்ல கிடந்தது. ஒரு பூச்சி புழு இல்ல" என்றான். பதினான்கு வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வசனம். எங்கே கிடந்தது என்று கேட்டேன். மாட்டுப் பட்டிக்குப் பக்கத்திலாம்.

தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். அப்புறம் தொடங்கினேன், ஒன்றரை மணித்தியாலம் வாயை மூடவில்லை. கல் விஷயத்தில் விடும் பிழைகள் பற்றி. அதில் கொஞ்சம்தான் இது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், கல்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

வெள்ளைக் கல் எல்லாம் சுத்தமான கல் என்று நம்புவது

கல்லடியில் எங்கள் பழைய வளவில் தென்னைகளைச் சுற்றி முருகைக்கல்லால் வரம்பு கட்டியிருந்தார் அப்பப்பா. வெயிலில் வெளுத்து, ஓட்டை ஓட்டையாக, தொட்டிக்கென்றே செய்து வைத்த மாதிரிக் கற்கள். முப்பது கிலோ அளவு ஓட்டோவில் ஏற்றி வந்தேன். ஒன்றின் மேல் வினாகிரி விட்டேன், நுரைத்தது. சரி, சுண்ணாம்புக்கல்தான், கடல் தொட்டிக்கு ஏற்றது என்று மனம் குளிர்ந்தது.

கல் விற்கும் கடைக்காரர் ஒருவர் அப்போதே சொன்னார், "வாளியில ஊறப்போட்டுச் சோதிச்சுப் பாருங்க" என்று. தன் கல்லை விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். சொல்ல ஆள் இருந்தும் கேட்கவில்லை.

முதல் ஆறு வாரமும் ஒழுங்காகத்தான் போனது. அமோனியா ஏறி இறங்கியது, பின்னாலேயே நைத்திரைற்று ஏறி இறங்கியது; பக்டீரியா குடியேறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு கோமாளி மீன் விட்டேன். மூன்றாம் மாதம் கல்லில் பச்சை மயிர்ப்பாசி. ஞாயிற்றுக்கிழமை பிடுங்கினால் ஒரு வாளி, அடுத்த ஞாயிறும் ஒரு வாளி. தண்ணீர் மாற்றினேன், விளக்கு நேரத்தைக் குறைத்தேன், சாப்பாட்டைக் குறைத்தேன், மீன்தான் மெலிந்தது. பாசிக்கு உரமான பொஸ்பேற்றைச் சோதித்தால் சைபர்.

அந்தச் சைபரை நம்பி நாலு மாதம் வீணாக்கினேன். கல்சியம் காபனேற்றுக்குப் பொஸ்பேற்றைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. அப்பப்பா தென்னைக்குப் போட்ட சாணமும் உரமும் வருடக்கணக்காக மழையில் கரைந்து அந்தக் கல்லின் துவாரங்களுக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீரில் பொஸ்பேற்று குறையக் குறைய, கல் தன்னிடம் உள்ளதை விடும். விட்டதைப் பாசி உடனே தின்றுவிடும், சோதனைக் குழாய்க்கு எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் "இன்னும் கொஞ்சம் விடு" என்று கல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வினாகிரி பொய் சொல்லவில்லை. அது சுண்ணாம்புக்கல் என்று மட்டும்தான் சொன்னது.

பொஸ்பேற்று உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டுக் குருணலுக்குச் செலவழித்த காசில் நல்ல கல் இரண்டு தொட்டிக்கு வாங்கியிருக்கலாம். பதினொராம் மாதம் எல்லாவற்றையும் கழற்றினேன்.

கடைக்காரர் சொன்ன சோதனை இவ்வளவுதான். கல்லை மூடியுள்ள வாளியில் போட்டு, 1.025 அடர்த்தியில் உப்புநீர் விட்டு, ஒரு சின்ன பம்ப் ஓடவிட வேண்டும். வெளிச்சம் படக் கூடாது; பட்டால் பாசி வந்து மறுபடியும் அந்தப் பொய்ச் சைபரைக் காட்டும். இரண்டு கிழமை கழித்துப் பொஸ்பேற்றைப் பாருங்கள். லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் என்றால் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக விட்டு மறுபடி பாருங்கள். நாலைந்து சுற்றுக்குப் பிறகும் குறையாவிட்டால் அந்தக் கல்லை மறந்துவிடலாம். வாவி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மாரி காலத்தில் வெட்டிவிட்ட பிறகு கரையில் அள்ளிய தண்ணீரை இதற்கு எடுக்க வேண்டாம். வாவித் தண்ணீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும்.

ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் சரியாகிவிடும் என்பார்கள். மேல் தோல் கரையும், தோலில் இருக்கிற பொஸ்பேற்றும் அதோடு போகும். ஆழத்தில் ஊறியது அங்கேயேதான் இருக்கும். அப்படியும் செய்வதென்றால் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும்.

செங்கலடித் தம்பி இரண்டு கிழமை கழித்துப் படம் அனுப்பினான். நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய நீலம்.

கடலில் இருந்து எடுப்பது

வேண்டாம். இலங்கையின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லைத் தோண்டுவதோடு சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் ஏற்றிச் செல்வதையும்கூடத் தடுக்கிறது. "செத்த கல்தானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. என் ஓட்டோப் பயணம்கூட அந்தக் கணக்கில் வந்திருக்கும், அன்று எனக்கு அது தெரியாது. காயான்கேணிப் பக்கம் இப்போது கடல் சரணாலயம். பாசிக்குடாவில் முழங்கால் தண்ணீரில் நின்று குளிக்க முடிகிறதென்றால் வெளியே உள்ள முருகைப் பார் அலையை உடைப்பதும் ஒரு காரணம். சுண்ணாம்புச் சூளைகள் தின்றது போதும்.

உயிர்க்கல்லை வாங்கிய அன்றே தொட்டிக்குள் போடுவது

உயிர்க்கல் என்பது கடல் உயிர்கள் ஒட்டியபடியே விற்கும் கல். வழியில் காய்ந்த கல்லில் பாதி உயிர் செத்திருக்கும், அது அழுகி அமோனியாவாக வரும். தனி வாளியில் பம்ப் போட்டு வைத்து, அமோனியாவும் நைத்திரைற்றும் சைபர் ஆன பிறகு மாற்றுங்கள். அதற்கு முன் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள்: கடல் வாசம் வந்தால் சரி, கூழ்முட்டை வாசம் வந்தால் இன்னும் நாளிருக்கிறது.

கருங்கல்

விஷமில்லை. உள்ளே துவாரமும் இல்லை. பக்டீரியா குடியிருக்க இடமில்லாத பாரம்.

கல்லைக் கொதிக்க வைப்பது

ஒருபோதும் கூடாது. உயிர்க்கல்லில் ஒட்டியிருக்கும் சில பொத்தான் பவளங்களில் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியைச் சுவாசித்த வீட்டார் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

மணலுக்கு மேல் அடுக்குவது

மணலைத் தோண்டும் மீன் ஒன்று போதும், ஒரு இரவில் கல் சரிந்து கண்ணாடியில் மோதும். அடிக்கல்லை வெறும் கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து நிறுத்துங்கள், மணலைப் பிறகு போடுங்கள். பின்பக்கக் கண்ணாடியோடு சுவர் மாதிரி அடுக்கவும் வேண்டாம். தண்ணீர் ஓடாத மூலையில் கழிவு சேரும், கை போகாது.

சீமெந்துக் கல்லை அவசரப்பட்டு இறக்குவது

இப்போது நான் வைத்திருப்பது நானே வார்த்த கல். வெள்ளைச் சீமெந்து, நொறுக்கிய ஊரி, கல்லுப்பு. உப்புக் கரைந்த இடமெல்லாம் துவாரம். சீமெந்து பல வாரங்களுக்குக் காரம் விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றி, பீ.எச். 8.4க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும்வரை நான் காத்திருந்தது ஏழு வாரம். தம்பி "ரெண்டு கிழம போதாதா அண்ணே" என்று நேற்றுக் கேட்டான்.